முதலில் கார்டு, அப்புறம் குடியுரிமை

அயர்லாந்துக் குடிமகனைக் கட்டிக்கொண்டால் குடியுரிமை தானாக வந்துவிடும் என்று வில்லிவாக்கத்தில் எங்கள் தெருவில் பாதிப்பேர் நம்புகிறார்கள். வராது. விண்ணப்பித்துத்தான் வாங்க வேண்டும். கொடுப்பதும் மறுப்பதும் அந்நாட்டு நீதித் துறை அமைச்சரின் விருப்பம்.

ஐ.சி.எஃப். கணக்குப் பிரிவில் காலம் தள்ளியவன் நான். ஓய்வுக்குப் பிறகு என் கையில் இருக்கும் கோப்பு, கார்க் நகரில் வாழும் மகளுடையது. மாப்பிள்ளை ஐரிஷ்காரர். அவளது ஐஆர்பி கார்டு (அயர்லாந்தில் தங்க அனுமதி உள்ளதைக் காட்டும் பதிவு அட்டை) முடியும் சமயத்தில், "அப்பா, குடியுரிமைக்கே போட்டுவிடுகிறேனே, கார்டு எதற்கு?" என்றாள். நிறையப் பேர் சறுக்குவது இந்தக் கேள்வியில்தான்.

விண்ணப்பம் நிலுவையில் இருப்பது அங்கே தங்குவதற்கான அனுமதி ஆகாது. முடிவு வர எத்தனை மாதம் ஆனாலும் கார்டு உயிரோடு இருக்க வேண்டும். ஆகவே தேதி முடிவதற்குள் ஆன்லைனில் புதுப்பிக்க விண்ணப்பியுங்கள். ஐரிஷ் குடிமக்களின் கணவன் அல்லது மனைவிக்கு ஸ்டாம்ப் 4 என்ற வகை அனுமதி தருகிறார்கள். மற்றவர்கள் கட்டும் 300 யூரோ பதிவுக் கட்டணம் இவர்களுக்கு இல்லை. காசும் கிடையாது, அப்புறம் தள்ளிப்போட என்ன இருக்கிறது?

சென்னைக்கு வந்திருக்கும்போது கார்டு முடிந்துவிட்டால் தலைவலி. செல்லுபடியாகும் கார்டு இருந்தால் விசா இல்லாமல் திரும்பலாம். இல்லையென்றால் இந்திய பாஸ்போர்ட்காரர் மறுபடி விசாவுக்கு நிற்க வேண்டியதுதான். தங்கை கல்யாணமே ஆனாலும் கார்டைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

சரி, தகுதிக் கணக்கு. திருமணமாகி மூன்று ஆண்டு ஆகியிருக்க வேண்டும், இருவரும் சேர்ந்து வாழ வேண்டும். கடைசி ஐந்து ஆண்டில் மூன்று ஆண்டு அயர்லாந்துத் தீவில் வசித்திருக்க வேண்டும். பிரிட்டனைச் சேர்ந்த வட அயர்லாந்தில், அதாவது பெல்ஃபாஸ்ட் போன்ற ஊரில், இருந்த காலமும் சேரும். அதில் விண்ணப்பத்துக்கு முந்தைய ஓராண்டு தொடர்ச்சியாக இருக்க வேண்டும். அந்த ஓராண்டில் 70 நாள் வரை வெளியே போகலாம். தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் இன்னும் 30 நாள் அனுமதிப்பதுண்டு. படிக்கப் போனவர்களுக்கான ஸ்டாம்ப் 2 அனுமதியில் இருந்த காலம் கணக்கில் வராது. ஒரு கார்டு முடிந்து, அடுத்த அனுமதி தொடங்கும் வரை விழும் இடைவெளியும் வராது. இதற்காகவும்தான் கார்டு முதலில் என்கிறேன். குடிவரவுத் துறை இணையதளத்தில் வசிப்புக் கால்குலேட்டர் இருக்கிறது. தேதிகளை அதில் போட்டுப் பாருங்கள்.

இனி சென்னையில் செய்ய வேண்டியவை, அதாவது பெற்றோர் வேலை. மாநகராட்சிப் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். பழைய சான்றிதழ்கள் பலவற்றில் குழந்தையின் பெயரே இருக்காது, 'பெண்' என்று மட்டும் இருக்கும். பெயர் சேர்ப்பது பற்றி முதல் வேலையாக மண்டல அலுவலகத்தில் விசாரியுங்கள். அடுத்து நம் இனிஷியல். சான்றிதழில் 'எஸ்', பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, கல்யாணச் சான்றிதழில் இரண்டும் இல்லை என்றால் அங்குள்ள அதிகாரிக்கு மூன்று பெண்கள் தெரிவார்கள். முடிந்ததைத் திருத்துங்கள், முடியாததற்கு நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் வாங்குங்கள்.

கல்யாணம் இங்கே நடந்திருந்தால் சார்பதிவாளர் தந்த சான்றிதழ் வேண்டும். மண்டப ரசீதும் பத்திரிகையும் ஆல்பத்துக்குத்தான். தமிழில் மட்டும் உள்ள தாள்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு எடுத்து வையுங்கள்.

அடையாளத்துக்கு 150 புள்ளி, வசிப்புக்கு ஆண்டுக்கு 150 புள்ளி என்று ஆவணங்களுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். வங்கி அறிக்கை, வாடகை ஒப்பந்தம், வரித்துறைத் தாள் எல்லாம் உதவும். தம்பதியர் ஒரே முகவரியில் இருப்பதற்கும் சான்று கேட்பார்கள். கரண்ட் பில் கணவர் பெயரில் மட்டும் இருந்தால் மனைவி பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள். விண்ணப்பத்தோடு 175 யூரோ, அது திரும்பி வராது. ஒப்புதல் வந்தபின் 950 யூரோ.

குடியுரிமை வழங்கும் விழாவில் உறுதிமொழி எடுத்து அயர்லாந்துக் குடிமகள் ஆனதும், 1955 குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி இந்தியக் குடியுரிமை போய்விடும். அயர்லாந்து இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது, நம் நாடு ஏற்பதில்லை. இந்திய பாஸ்போர்ட்டை அதன்பின் பயன்படுத்தக் கூடாது. ஒப்படைத்துவிட்டு ஓசிஐக்கு, அதாவது வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் அட்டைக்கு, விண்ணப்பிக்க வேண்டும். ஓசிஐக்காரர் இங்கே வோட்டுப் போட முடியாது, விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது. ஆகவே விழா முடிந்த வாரத்திலேயே ஊருக்கு வரச் சொல்லி டிக்கெட் எடுக்காதீர்கள். முதலில் ஐரிஷ் பாஸ்போர்ட் கைக்கு வரட்டும், கூடவே ஓசிஐயோ இந்திய விசாவோ வரட்டும்.