வீட்டுக் கணினிக்கு வைரஸ் வரும் வழி: வன்னியில் நாம் அடிக்கடி விடும் பிழைகள்

தருமபுரத்திலிருந்து ஒரு அக்கா மகளின் பென் டிரைவோடு என்னிடம் வந்தார். பிள்ளை ஏ.எல். (உயர்தரம்) படிக்கிறாள். செய்துவைத்த செயற்றிட்டம் முழுக்க அழிந்துபோச்சு என்று சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. செருகிப் பார்த்தேன். கோப்புறைகள் எல்லாம் அதே பெயரில் இருந்தன. ஆனால் ஒவ்வொன்றின் கீழ் மூலையிலும் ஒரு சின்ன வளைந்த அம்புக்குறி. அளவைப் பார்த்தால் ஒன்றிரண்டு கேபிதான்.

அதுதான் ஷோர்ட்கட் வைரஸ். உண்மையான கோப்புகளை மறைத்துவிட்டு, அவற்றின் பெயரிலேயே போலிக் குறுக்குவழிகளை வைத்துவிடும். அதை டபுள் கிளிக் செய்தால் வைரஸ் ஓடத் தொடங்கும். பிறகு அந்தக் கணினியில் செருகும் அடுத்த பென் டிரைவுக்கும் தாவும். ஒரு நாளைக்கு எத்தனையோ பேர் பென் டிரைவ் செருகும் போட்டோகொப்பிக் கடைக் கணினிதான் பெரும்பாலும் இதன் இருப்பிடம்.

இந்த இடத்தில் பலர் அவசரப்பட்டு, எல்லாவற்றையும் அழித்துவிடும் போர்மட்டை அடித்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கோப்புகள் உள்ளேதான் இருக்கின்றன. வியூ மெனுவில் ஹிடன் ஐட்டம்ஸ் என்பதை இயக்குங்கள். அப்போதும் தெரியாவிட்டால், போல்டர் ஒப்ஷன்ஸில் இயங்குதளக் கோப்புகளை மறைக்கும் தெரிவை எடுத்துவிடுங்கள். மங்கலான நிறத்தில் எல்லாம் வெளியே வரும். வேண்டியதை மட்டும் பிரதி செய்து, விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிபெண்டரால் ஸ்கேன் செய்த பிறகு போர்மட் அடியுங்கள். அந்தப் பிள்ளையின் செயற்றிட்டம் ஒரு பக்கமும் குறையாமல் கிடைத்தது. கடைக்கு இனி அச்சிட வேண்டிய கோப்பை மட்டும் வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ அனுப்பச் சொன்னேன்.

அடுத்தது, எனக்கு உண்மையிலேயே கவலை தருவது. "அண்ணை, ஒருக்கா ஓபிஸ் போட்டுத் தாங்கோ" என்று லாப்டொப்பைக் கொண்டு வருவார்கள். ஏற்கெனவே யாரோ கிராக் செய்த, அதாவது காசு கட்டாமல் பூட்டை உடைத்த ஓபிஸைப் போட்டிருப்பார். டிபெண்டர் நிறுத்தப்பட்டிருக்கும். ஏனென்றால் அந்தப் பூட்டை உடைக்கும் அக்டிவேட்டர் மென்பொருளின் முதல் அறிவுறுத்தலே வைரஸ் தடுப்பை நிறுத்து என்பதுதான். "நாயைக் கட்டுங்கோ, பிறகு வாறன்" என்று முகம் தெரியாத ஒருவர் இரவில் கேட்டால் படலையைத் திறப்போமா?

இப்படி உள்ளே வரும் உளவு மென்பொருள் கணினியை மெதுவாக்கவும் மாட்டாது, சத்தம் போடவும் மாட்டாது. குரோமில் சேமித்து வைத்த கடவுச்சொற்களையும் குக்கீகளையும் அள்ளிக்கொண்டு போய்விடும். குக்கீ என்பது நீங்கள் ஏற்கெனவே உள்நுழைந்ததைத் தளத்துக்குக் காட்டும் சின்னக் கோப்பு. அது கையில் இருந்தால் கடவுச்சொல் இல்லாமலே உங்கள் பேஸ்புக்குக்குள்ளும் மின்னஞ்சலுக்குள்ளும் நுழைய முடியும். கடிதம், சுயவிபரக்கோவை, பாடசாலை வேலை இவற்றுக்கெல்லாம் இலவசமான லிப்ரே ஓபிஸ் தாராளமாகப் போதும். ஏற்கெனவே கிராக் போட்டுவிட்டீர்களா? சரி, இணையத்தைத் துண்டித்துவிட்டு, கடவுச்சொற்களை உங்கள் போனிலிருந்து மாற்றுங்கள். எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் தெரிவையும் அழுத்துங்கள். பிறகு விண்டோஸைப் புதிதாகப் போடுவதுதான் பாதுகாப்பு.

டேட்டா முடிந்துவிடும் என்று அப்டேட்டை நிறுத்தி வைப்பதும் இங்கே வழமை. அந்தக் கஷ்டம் விளங்குகிறது. ஆனால் 2017 மே மாதம் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப்போட்டுப் பணம் கேட்ட வானாகிரை என்ற ரான்சம்வேருக்கான திருத்தத்தை மைக்ரோசொஃப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அதைப் போடாத கணினிகளில்தான் அது பரவியது. இரவு டேட்டா உள்ள பக்கேஜ் என்றால் அந்த நேரத்தில் அப்டேட்டை ஓடவிடுங்கள். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. நீட்டிப்புக்குப் பதிந்த கணினிகளுக்குத்தான் அதன் பிறகும் பாதுகாப்புத் திருத்தம் வருகிறது. விண்டோஸ் 11 ஏறாத பழைய கணினிக்கு லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடலாம்.

அப்புறம், ஒன்றுக்கு இரண்டு வைரஸ் தடுப்பு போட்டால் இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். ஒன்று போதும். பார்சல் வந்திருக்கிறது, வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று சொல்லி, தூரத்திலிருந்தே உங்கள் சாதனத்தை இயக்க விடும் எனிடெஸ்க்கைப் போடச் சொல்பவர்களின் அழைப்பை உடனே துண்டியுங்கள்.

கடைசியாக, படங்கள். 2009இல் போரின்போது ஆல்பங்களை விட்டுவிட்டு ஓடி வந்த குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். லண்டனில் உள்ள சித்தியின் ஆல்பத்திலிருந்து போனில் எடுத்து வந்த அம்மா அப்பாவின் கலியாணப் படம், இப்போது ஒரே ஒரு லாப்டொப்பில் கிடக்கும். ரான்சம்வேர் வந்தால் அந்தக் கணினியில் உள்ளதையும், அப்போது செருகியிருக்கும் ஹார்ட் டிஸ்கில் உள்ளதையும் சேர்த்தே பூட்டிவிடும். ஆகவே வெளி ஹார்ட் டிஸ்கில் பிரதி எடுத்ததும் கழற்றி அலுமாரியில் வையுங்கள். பிறகு எடுத்த படங்களையும் சேர்த்து, ஒரு பிரதியைச் சித்திக்கும் அனுப்பி வையுங்கள்.