அக்னி நட்சத்திரத்தில் பனிச்சறுக்கு: முதல்முறை போகிறவர்களுக்குச் செய்முறை விளக்கம்

சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த விளையாட்டில் பாதி ஏற்கெனவே தெரியும். விடியற்காலையில் லாரியிலிருந்து இறங்கும் ஐஸ் பாளம் கல் மாதிரி இருக்கும். அரைத்ததும் பொடிப்பொடியாக, மீன்மேல் அள்ளிக் கொட்ட வாகாக இருக்கும். பதினோரு மணி வெயில் பட்டால் பெட்டிக்கு அடியில் கூழும் தண்ணீரும்தான். உயரமான மலையில் இருக்கும் பனியாறு, அதாவது க்ளேசியர், கோடையில் தினமும் இதே வரிசையில்தான் மாறுகிறது: கல், பொடி, கூழ். பொடியாக இருக்கும் அந்த இரண்டு மூன்று மணி நேரத்துக்காகத்தான் இவ்வளவு செலவும் அலைச்சலும்.

எங்கே, எப்போது

நம் பள்ளி விடுமுறை மே மாதம். அதற்குத் தோதான இடங்கள் இரண்டு. ஒன்று சுவிட்சர்லாந்தின் செர்மாட். ஊர் சுமார் 1,600 மீட்டரில் இருக்கிறது. கேபிள் கார் 3,883 மீட்டர் வரை கொண்டுபோய் விடும். இன்னொன்று ஆஸ்திரியாவின் டிரோல் பகுதியில் இருக்கும் ஹின்டர்டக்ஸ். ஊர் 1,500 மீட்டர், மேல்நிலையம் 3,250 மீட்டர். இரண்டிலும் ஆண்டு முழுக்கச் சறுக்கலாம். இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய் இதற்குத் தலைகீழ்: குளிர்காலத்தில் சாலையையே மூடிவிடுவார்கள், சறுக்கு நடப்பது கோடையில்தான்.

ஜூலை, ஆகஸ்டைவிட மே நல்லது. குளிர்காலப் பனி அப்போது இன்னும் தடிமனாக மிச்சமிருக்கும். 2022 ஜூலை இறுதியில் வெப்பம் தாங்காமல் செர்மாட்டிலேயே கோடைச் சறுக்கைத் தற்காலிகமாக நிறுத்தினார்கள். பொலிவியாவில் 5,300 மீட்டருக்கு மேல் சறுக்குத்தளம் வைத்திருந்த சகால்டாயா பனியாறு 2009க்குள் முழுசாகவே கரைந்துபோனது. அதனால் டிக்கெட் எடுக்குமுன், அந்த வாரம் எந்த லிஃப்ட் ஓடும், புதியவர்கள் பழகும் சின்னச் சரிவு திறந்திருக்குமா என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். கோடைப் பனியாறு பெரும்பாலும் பந்தய வீரர்களின் பயிற்சிக்களம். புதியவர்களுக்கான இடம் கொஞ்சம்தான்.

ரோதாங்கில் வாடகைக் கோட்டு மாட்டி, ஸ்கீயில், அதாவது காலில் மாட்டும் நீளமான சறுக்குப் பலகையில், நின்று போட்டோ எடுத்ததை அனுபவக் கணக்கில் சேர்க்காதீர்கள். பட்ஜெட் இடித்தால் முதலில் குளிர்காலத்தில் குல்மார்க்கிலோ அவுலியிலோ பயிற்சி எடுத்துவிட்டு, பிறகு பனியாற்றுக்குப் போவதே புத்திசாலித்தனம்.

படி 1: ஜனவரியில் காகித வேலை

இந்த ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடையை ஒட்டி அப்பாயின்ட்மென்ட் கிடைப்பது கஷ்டம், ஜனவரியிலேயே ஆரம்பியுங்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, சேவைக் கட்டணம் தனி. காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: விசாவுக்குப் போதுமான பாலிசியில் பனிச்சறுக்கு விபத்து சேராமல் இருக்கலாம். சறுக்கு விபத்தும் ஹெலிகாப்டர் மீட்பும் அடக்கமா என்று பாலிசியைப் பிரித்துப் படியுங்கள்.

படி 2: தொடையைத் தயார் செய்யுங்கள்

எட்டு வாரம் போதும். சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமலே உட்கார்ந்த நிலையில் 30 விநாடி நில்லுங்கள். மெதுவாக இரண்டு நிமிடத்துக்குக் கொண்டுவாருங்கள். ஹவுசிங் போர்டு நாலு மாடிப் படி இருந்தால் ஜிம்மே வேண்டாம். ஏறுவதைவிட நிதானமாக இறங்குவதுதான் பயிற்சி. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே எடை தாங்குகிறது. சறுக்கும்போதும் அதே வேலைதான். வியாசர்பாடியில் பந்து ஆடுகிறவர்களுக்குத் தொடை தயாராக இருக்கும், ஆனால் முட்டியில் பழைய அடி இருந்தால் மருத்துவரிடம் காட்டிவிட்டுக் கிளம்புங்கள்.

படி 3: உடம்பில் என்ன போடுவது

பருத்தி வேண்டாம். வேர்வையில் நனைந்தால் காயாது, மேலே போனதும் குளிர் அதிலேயே ஏறும். பாலியெஸ்டர் ஃபுட்பால் ஜெர்சி அடித்துணிக்கு நன்றாகவே உதவும். அதன்மேல் ஃப்ளீஸ் என்ற மெல்லிய கதகதப்புச் சட்டை, அதன்மேல் காற்றும் தண்ணீரும் புகாத ஜாக்கெட். வெயில் ஏறினாலும் முழுக்கையும் கையுறையும் கழற்றாதீர்கள். கோடைப் பனி உடைத்த கண்ணாடி போலக் குருணையாக இருக்கும், விழுந்தால் தோலை உரித்துவிடும். ஹெல்மெட் வாடகைக்குக் கிடைக்கும்.

கண் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. புதுப் பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். நடைபாதையில் வாங்கும் கூலிங் கிளாஸ் வெளிச்சத்தை மட்டும் மறைத்தால் ஆபத்து அதிகம்: இருட்டில் கண்மணி விரியும், கதிர் இன்னும் நிறைய உள்ளே போகும். யுவி 400 என்று குறித்த, கேட்டகிரி 3 அல்லது 4 கண்ணாடிதான் வேண்டும். கேட்டகிரி 4 போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக்கூடாது. சன்ஸ்க்ரீன் எஸ்பிஎஃப் 50. மூக்குக்கு அடியிலும் தாடைக்குக் கீழேயும் தடவுங்கள், வெயில் அங்கே கீழேயிருந்து வருகிறது. ‘நம்ம கலருக்கு வெயில் ஒண்ணும் பண்ணாது’ என்பது பனியில் செல்லாது.

படி 4: உயரம்

நாம் கடல் மட்டத்து ஆட்கள். 3,500 மீட்டரில் காற்றழுத்தம் இங்கே இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். இரண்டு இரவு கீழே ஊரில் தூங்கிவிட்டு மேலே போங்கள். முதல் நாள் இரண்டு மணி நேரம் போதும். தலைவலியும் குமட்டலும் பல மணி நேரம் கழித்துக்கூட வரலாம். வந்தால் மாத்திரை போட்டுச் சமாளித்து மேலேயே இருக்காமல் கீழே இறங்கிவிடுங்கள். தடுமாற்றமோ, சும்மா இருக்கும்போதே மூச்சிரைப்போ வந்தால் அது அவசரம், உடனே மீட்புக் குழுவைக் கூப்பிட வேண்டும்.

படி 5: பூட்டும் பைண்டிங்கும்

பூட்டை, அதாவது சறுக்குக்கான கெட்டிக் காலணியை, வாடகைக்கு எடுங்கள், ஆனால் நேரம் எடுத்துப் பாருங்கள். அளவு சென்டிமீட்டரில்: குதிகாலைச் சுவரில் ஒட்டி நின்று கட்டைவிரல் வரை அளந்தால் 26.5 வந்தால் உங்கள் பூட்டும் 26.5. ஒரே ஒரு மெல்லிய நீள சாக்ஸ். இரண்டு சாக்ஸ் போட்டால் ரத்த ஓட்டம் தடைபட்டு விரல் இன்னும் சில்லிடும். நேராக நிற்கும்போது விரல் முன்பக்கம் லேசாக முட்ட வேண்டும்; முட்டியை மடக்கினால் விலக வேண்டும். குதிகால் மேலே எழும்பினால் பூட்டு பெரிது. ‘தாராளமா இருக்கட்டும்’ என்று செருப்பு வாங்குவது போல ஒரு அளவு கூட்டி வாங்குகிறவர்தான் மதியம் கணுக்கால் நோவு என்று உட்காருவார். ஸ்கீயை நிமிர்த்தி வைத்தால் அதன் முனை உங்கள் தாடைக்கும் மூக்குக்கும் நடுவே வந்தால் போதும்.

பைண்டிங் என்பது பூட்டை ஸ்கீயில் பிடித்துவைத்து, விழும்போது விட்டுவிடும் கொக்கி. அதன் இறுக்கத்தை எடை, உயரம், வயது, பூட்டின் அடி நீளம், அனுபவம் எல்லாம் வைத்துக் கடைக்காரர் குறிப்பார். எடையைக் கூச்சப்பட்டுக் குறைத்துச் சொன்னால் திருப்பத்தில் ஸ்கீ கழன்று ஓடும். கெத்துக்கு ‘நல்லா சறுக்குவேன்’ என்று சொன்னால் விழும்போது கழலாது, முட்டி ஜவ்வு கிழியும். முதல்முறை என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

படி 6: பனியில் முதல் இரண்டு மணி நேரம்

ராத்திரி மேகம் இருந்ததா என்று முதலில் பாருங்கள். தெளிந்த வானத்தில் சூடு வெளியேறி பனி இறுகும். மேகம் போர்த்தியிருந்தால் இறுகாது, விடியும்போதே கூழ்.

சரிவுக்குக் குறுக்கே நின்று, பூட்டின் அடியில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு, பள்ளப் பக்கத்து ஸ்கீயை முதலில் மாட்டுங்கள். நுனியை நுழைத்துக் குதிகாலை அழுத்தினால் ‘டக்’ என்று சத்தம் கேட்கும். கேட்காவிட்டால் பனி அடைத்திருக்கிறது.

பிறகு கலப்பை நிலை. இரண்டு முனையும் உள்பக்கம் நெருங்கி, வால்கள் அகன்று, தலைகீழ் ‘வி’. கட்டைவிரல் பக்கத்து விளிம்பை அழுத்தினால் வேகம் குறையும். வலது காலை அழுத்தினால் இடது பக்கம் திரும்பும், இடதை அழுத்தினால் வலது. பயத்தில் எல்லோரும் செய்யும் தப்பு பின்னால் சாய்வது. சாய்ந்ததும் முன்பகுதியில் பாரம் போய்விடும், ஸ்கீ உங்களை விட்டுவிட்டு ஓடும். முழங்காலுக்குக் கீழே முன் எலும்பு பூட்டின் நாக்கில் அழுந்திக்கொண்டே இருந்தால் சரி.

லிஃப்ட் பெரும்பாலும் டி-பார், அதாவது நிற்கிற ஆளைத் தலைகீழ் ‘டி’ வடிவக் கட்டையால் மேலே இழுத்துப்போவது. அடியில் ஐஸ் நகர்ந்துகொண்டே இருப்பதால் அங்கே கம்பம் நடுவது சிரமம். தொடைக்குப் பின்னால் வரும் அந்தக் கட்டையில் உட்காரவே கூடாது, அது இழுக்கத்தான். விழுந்தால் கட்டையைக் கைவிட்டு, தடத்திலிருந்து உருண்டு விலகுங்கள். பின்னால் ஆள் வருகிறார்.

குறியிட்ட கம்பங்களுக்கு வெளியே ஒரு அடிகூடப் போகாதீர்கள். பனியாற்றில் இருக்கும் ஆழமான வெடிப்புக்கு மேல் மெல்லிய பனி மூடியிருக்கும், பார்த்தால் சமதளம்தான். போட்டோவுக்காகவும் வேண்டாம்.

பந்தயத் தடத்தில் உப்பு தூவுவதைப் பார்த்தால் ஆச்சரியப்படாதீர்கள். குல்ஃபிக்காரர் பானையில் ஐஸோடு உப்பு போடும் அதே கணக்குதான்: கொஞ்சம் பனி கரைய, அது சூட்டை உறிஞ்சிக்கொள்வதால் மிச்சம் இறுகிக்கொள்கிறது.

படி 7: நிறுத்துவது

ஸ்கீ திடீரென்று பிடித்து இழுத்து, உடம்பு மட்டும் முன்னே போவது போலத் தோன்றினால் பனி கூழாகிவிட்டது. ‘கடைசியா ஒரு ரவுண்டு’ என்பது இங்கே வேண்டாம்; களைத்த தொடையும் ஈரப் பனியும் சேரும் நேரம் முட்டிக்கு ஆகாது. பல இடங்களில் மதியத்தை ஒட்டி லிஃப்ட்டே நின்றுவிடும். அறைக்கு வந்ததும் பூட்டின் உள்ளுறையை உருவிக் காயவையுங்கள், ஹீட்டர்மேல் நேரடியாக வைக்காதீர்கள். காய்ந்ததும் உள்ளே செருகி, பக்கிள்களைத் தளர்வாக மாட்டி வையுங்கள். திறந்தே கிடந்தால் பிளாஸ்டிக் விரிந்து காலையில் மூட மறுக்கும்.