மல்டிமீட்டருக்கு மாற்று வாங்கும்போது

மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை ஆகியவற்றை அளக்கும் கருவியான மல்டிமீட்டர் பழுதாகி, அதற்கு மாற்றைத் தேர்ந்தெடுக்கும்போது, பெட்டியின் மீது அச்சிட்ட துல்லிய விழுக்காட்டைப் பார்ப்பதற்கு முன், நீங்கள் பெரும்பாலும் எதை அளக்கிறீர்கள் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். மைக்ரோகன்ட்ரோலர் (ஒரே சில்லில் அமைந்த சிறு கணினி) சுற்றுகளை அமைப்போருக்கு மைக்ரோஆம்பியர் அளவெல்லை இன்றியமையாதது. உறக்கநிலையில் அவை இழுக்கும் சொற்ப மின்னோட்டம் 10 ஆம்பியர் எல்லையில் சுழியமாகவே தெரியும். மல்டிமீட்டரின் உள்ளீட்டு மின்தடை 10 மெகாஓம் இருந்தால், உயர் மின்தடை கொண்ட சுற்றிலும் மின்னழுத்த அளவீடு பெரிதாகப் பிறழாது. இரு புள்ளிகளுக்கிடையே மின்னிணைப்பு உள்ளதா என்று பார்க்கும் தொடர்ச்சிச் சோதனையின் ஒலி, முனைகள் தொட்ட கணமே எழ வேண்டும். தாமதித்து ஒலிக்கும் கருவி, மற்ற சிறப்புகள் எத்தனை இருந்தாலும், எரிச்சலையே தரும். அலைவடிவம் மாறினாலும் பயனுறு மதிப்பைச் சரியாகக் காட்டும் ட்ரூ ஆர்எம்எஸ் வசதி, சைன் அலை வடிவில் இல்லாத மாறுமின்னோட்டத்தை அளப்போருக்கே பயன்படும். வீட்டு மின்னிணைப்பையும் அளப்பதாக இருந்தால், கேட் 3 (கட்டட மின்னமைப்பில் அளப்பதற்கான பாதுகாப்பு வகை), 600 வோல்ட் தரச்சான்றும் பெரும் மின்னோட்டத்தையும் பாதுகாப்பாகத் துண்டிக்கும் உயர்திறன் பீங்கான் ஃபியூஸும் உள்ளதை மட்டுமே வாங்குங்கள்.