முப்பந்தல் காற்று எல்லார் மாடிக்கும் வராது: வீட்டுக்கு சோலாரும் காத்தாடியும் வாங்கும்போது செய்யும் தவறுகள்

ஒவ்வொரு ஆடியிலும் மாமா இதையே கேட்பார். "மக்கா, இந்த மாதிரி காத்து அடிக்கு. மட்டுப்பாவுல ஒரு காத்தாடி வச்சா கரண்டு பில்லே வராதுல்லா?" மட்டுப்பா என்றால் மொட்டை மாடி. ஆரல்வாய்மொழி வழியாக பஸ்ஸில் வந்துபோகிற யாருக்கும் இந்த ஆசை வரத்தான் செய்யும். முப்பந்தலில் ஜன்னலுக்கு வெளியே கண்ணுக்கு எட்டிய தூரம் வரை காற்றாலைகள் சுற்றுகின்றன. அதே கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு நாம் மட்டும் ஏன் பில் கட்ட வேண்டும்?

முப்பந்தலில் வீசுவது வேறு காற்று. மேற்குத் தொடர்ச்சி மலை முடிகிற இடத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் ஒரு புனல் மாதிரி திறந்திருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மலையில் முட்டி, கிடைத்த அந்த இடுக்கு வழியாக நெருக்கிக்கொண்டு வெளியேறுகிறது. வேகம் கூடுவது அதனால்தான். உயரமும் ஒரு காரணம். அங்கே பழைய சிறிய காத்தாடிகளே 30 மீட்டர் அளவு உயரத்தில் நிற்கின்றன, புதியவை 100 மீட்டரைத் தாண்டுகின்றன. தரைக்கு அருகே மரமும் வீடும் மதிலும் காற்றைத் தடுத்துக் குழப்பிவிடும். மாமாவின் வீடு ஈத்தாமொழிப் பக்கம். புவிசார் குறியீடு பெற்ற நெட்டைத் தென்னைக்குப் பேர்போன ஊர். சுற்றிலும் 20 மீட்டர் தென்னைகள் நிற்க, நடுவில் மாடி வீடு. ஓலை ஆடுவதைப் பார்த்து மாமா காற்றை அளக்கிறார். ஆனால் அந்தக் காற்று ஓலையோடு நின்றுவிடுகிறது, மாடிக்கு வந்து சேர்வது அதன் மிச்சம்தான்.

காற்றுவேகம் பாதியானால் கிடைக்கும் மின்சாரம் பாதியாகாது, எட்டில் ஒன்றாகிவிடும். பலரும் ஏமாறுவது இங்கேதான். காற்றில் உள்ள சக்தி வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுகிறது. இணையத்தில் '400 வாட்' என்று எழுதி விற்கிற சின்னக் காத்தாடிகள் வினாடிக்கு 11, 12 மீட்டர் காற்றில் அந்த அளவைத் தரலாம். நம் மாடியில் 5 மீட்டர் கிடைத்தாலே பெரிய விஷயம். இறக்கை வட்டத்தின் விட்டம் 1.2 மீட்டர் என்றால், அந்த வேகத்தில் உருப்படியாகக் கிடைப்பது சுமார் 20 வாட். குறைந்த மின்சாரத்தில் ஓடும் ஒரு பிஎல்டிசி மின்விசிறியை முழு வேகத்தில் ஓட்டக்கூட அது போதாது. அதனால் வாட் கணக்கைப் பார்க்காதீர்கள், வட்டத்தின் விட்டத்தைப் பாருங்கள். எந்த வேகத்தில் எத்தனை வாட் என்ற வரைபடத்தைக் கேளுங்கள். கேட்டால் கொடுக்கத் தயங்குகிறவரிடம் வாங்க வேண்டாம். நேராக நின்று அழகாகச் சுற்றும் செங்குத்து வகைகள் பார்க்க நன்றாகத்தான் இருக்கின்றன. அதே அளவுள்ள சாதாரண மூன்று இறக்கைக் காத்தாடியைவிட அவை பொதுவாகக் குறைவாகவே தரும்.

கூரை மேலேயே காத்தாடியைப் பொருத்துவது அடுத்த தவறு. மாடி விளிம்பில் மோதி மேலேறும் காற்று சுழன்றுகொண்டே வரும். அதில் இறக்கை ஒழுங்காகச் சுற்றாது, தேய்மானம் கூடும், அதிர்வு சுவர் வழியாகப் படுக்கையறைக்கு இறங்கும். சுற்றியுள்ள நூறு மீட்டருக்குள் எது உயரமோ, அதைவிடப் பத்து மீட்டராவது மேலே இறக்கை இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 20 மீட்டர் தென்னந்தோப்பில் அது 30 மீட்டர் கோபுரம் என்று ஆகிவிடுகிறது. அந்தக் காசுக்கு இரண்டு வீட்டுக்கு சோலார் போடலாம்.

அப்படியென்றால் காத்தாடியே வேண்டாமா? தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கம் மரமில்லாத திறந்த நிலம் வைத்திருப்பவர்கள் யோசிக்கலாம். அவர்களும் முதலில் ஒரு காற்றுமானி வாங்கி ஒரு வருடம் முழுக்க அளந்து பார்ப்பது நல்லது. ஆனி, ஆடி, ஆவணியை மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுக்கக் கூடாது, தை, மாசிக் காற்றும் கணக்கில் வர வேண்டும். சென்னையில் உள்ள தேசிய காற்று ஆற்றல் நிறுவனம் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறில் சோதனை நிலையம் வைத்திருக்கிறது. வாங்கப் போகிற காத்தாடிக்கு அங்கே சோதித்த சான்று உண்டா என்று கேட்பதில் தப்பில்லை.

ஏற்கெனவே சோலார் இருக்கிறவர்கள் பேட்டரியை அளவாக ஏற்றும் அதே சார்ஜ் கன்ட்ரோலரில் காத்தாடி ஒயரையும் செருகிவிடுகிறார்கள். பேட்டரி நிறைந்ததும் சோலாரைத் துண்டித்துவிட்டால் ஒன்றும் ஆகாது. காத்தாடியை ஓடும்போது துண்டித்தால் சுமை இல்லாமல் கட்டுக்கடங்காமல் சுற்றும். மிச்ச மின்சாரத்தை வாங்கிச் சூடாக்கிக் கழிக்கிற ஒரு சுமையும், நிறுத்த ஒரு பிரேக்கும் காத்தாடிக்குத் தனியாக வேண்டும்.

சரி, காத்தாடியை இத்தோடு விடலாம். மாவட்டத்தில் பெரும்பாலான வீடுகளுக்கு சோலார்தான்.

சித்திரையில் பார்த்த நிழல்

என் வீட்டிலேயே நடந்தது இது. இடம் பார்க்க வந்தவர் சித்திரை விசு கழிந்த வாரம், உச்சி வேளையில் வந்தார். மாடியில் ஒரு சுற்று நடந்து, "நிழலே இல்லை சார்" என்றார். நானும் தலையாட்டினேன். கன்னியாகுமரி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 8 டிகிரியில் இருக்கிறது. சித்திரை பிறக்கிற சமயத்தில் நண்பகல் சூரியன் ஏறக்குறைய நம் தலைக்கு நேர் மேலே நிற்கும். அப்போது எந்த மரத்துக்குத்தான் நிழல் இருக்கும்?

மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்தான். தெற்கு மதிலுக்கு அப்பால் நிற்கும் பெரியம்மாவின் தென்னை என் சோலார் தகடுகள் மேல் படுத்துக்கொண்டது. சித்திரையில் நாளுக்கு 13 யூனிட் தந்த 3 கிலோவாட் அமைப்பு மார்கழியில் 7 தந்தது. மழை மேகத்துக்கும் அதில் பங்கு உண்டு, ஆனால் தென்னையின் பங்கே அதிகம். ஒரு ஓலை நிழல் ஒரு தகட்டில் விழுந்தால் அந்தத் தகடு மட்டும் கெடும் என்று நினைத்திருந்தேன். வரிசையாக இணைத்த தகடுகளில் ஒன்று சோர்ந்தால் மற்றவையும் சேர்ந்து இறங்கக்கூடும். பைபாஸ் டயோடு என்ற ஒன்று பாதிப்பைக் குறைக்கும், அவ்வளவுதான். பெரியம்மாவிடம் மரத்தை வெட்டச் சொல்ல எனக்கு வாயில்லை. வருடத்துக்கு நான்கு முறை எங்கள் வீட்டுக்கும் தேங்காய் வருகிறது.

அதனால் கணக்கு இப்படி: தகட்டைவிடப் பத்து மீட்டர் உயர்ந்து நிற்கும் மரத்தின் நிழல் மார்கழி நண்பகலில் 6 மீட்டர், காலை ஒன்பது மணிக்கு 16 மீட்டர் நீளும். தெற்கு, தென்கிழக்கு, தென்மேற்கு மூன்று பக்கமும் நிற்கும் மரங்களை வைத்து இதை எண்ணிப் பாருங்கள். இன்று குட்டையாக நிற்கும் தென்னம்பிள்ளை பத்து வருடத்தில் எவ்வளவு உயரும் என்பதையும் சேருங்கள். தகட்டுக்கு ஆயுள் 25 வருடம் என்கிறார்கள், தென்னை அதைவிட நீண்டகாலம் வாழும்.

சாய்வு விஷயத்திலும் இதே பூகோளம்தான். வடக்கே டெல்லிப் பக்கம் 25, 30 டிகிரி சாய்த்து வைப்பார்கள், அது அவர்கள் இருக்கும் இடத்துக்குச் சரி. படத்தைப் பார்த்து அப்படியே இங்கே வைத்தால் இரண்டு நஷ்டம்: வெயில் குறைவாகக் கிடைக்கும், காற்றுக்குப் பாய்மரம் கட்டியது போலவும் ஆகும். நமக்கு 8 முதல் 10 டிகிரி போதும், மழை அழுக்கைக் கழுவவும் அது உதவும். தெற்கே பார்த்த இடமே இல்லை என்று கைவிட வேண்டாம். வருடத்தில் நான்கு மாதத்துக்கு மேல் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கிறது. இவ்வளவு குறைந்த சாய்வில் கிழக்கோ மேற்கோ வடக்கோ பார்த்தாலும் இழப்பு சில சதவீதம்தான்.

உப்பும் ஒக்கியும்

2017 நவம்பர் 30-ஆம் தேதியை இங்கே யாரும் மறக்க முடியாது. ஒக்கி புயல் மரங்களை எல்லாம் சாய்த்துவிட்டுப் போனது. தகடுகளை ஏற்றிய சட்டத்தைத் தாங்கும் கால்களை வெறும் சிமெண்ட் கட்டைமேல் வைத்து, 'கனம் தாங்கும்' என்று விட்டுவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு அந்த நாள் நினைவுக்கு வரும். காற்று தகட்டை அழுத்துவதைவிட அடியில் புகுந்து தூக்குவதுதான் ஆபத்து. 550 வாட் தகடு ஒன்று 27, 28 கிலோ இருக்கும், பறந்தால் யார் தலையிலோ இறங்கும். கால்களைத் தளத்தோடு பிணைத்து, துளையிட்ட இடத்தில் நீர் இறங்காமல் அடைத்துத் தரச் சொல்லுங்கள். அடைக்காமல் விட்டால் அடுத்த ஐப்பசியில் ஹால் ஒழுகும். தேங்காய் காயப்போட, துணி உலர்த்த இடம் வேண்டும் என்று எட்டு அடி உயரத்தில் சட்டம் கேட்பவர்கள் அதிகம். கேட்கலாம். ஆனால் உயரம் கூடினால் இரும்பும் கூட வேண்டும், விலையும் கூடும். அதில் பேரம் பேசாதீர்கள்.

குளச்சல், முட்டம், மணக்குடி என்று கடலோரத்தில் இருப்பவர்களுக்கு உப்புக்காற்று தனிப் பிரச்சினை. பெயின்ட் அடித்த இரும்பு இரண்டு மழைக்குத் தாங்காது. துத்தநாகத்தில் நன்கு முக்கியெடுத்த இரும்போ, அலுமினியமோ, ஸ்டெயின்லெஸ் போல்ட்டோடு வேண்டும். தகடு உப்புப் படலச் சோதனை தாண்டியதா என்றும் கேளுங்கள், அதற்குத் தனித் தரச்சான்று உண்டு. தகட்டின் டிசி மின்சாரத்தை வீட்டுக்கான ஏசியாக மாற்றும் இன்வெர்ட்டரைக் கடல் பார்த்த சுவரில், வெயிலில் தொங்கவிட வேண்டாம்.

பில்லைப் பார்க்காமல் கிலோவாட் பேசுவது

"மூணு கிலோவாட் போட்டா 78,000 மானியம் கிடைக்கும் சார்" என்றுதான் எல்லாரும் தொடங்குகிறார்கள். உண்மைதான். வீட்டு சோலாருக்காக மத்திய அரசு 2024-இல் கொண்டுவந்த பி.எம். சூர்ய கர் திட்டத்தில் இரண்டு கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000, மூன்றாவதுக்கு 18,000. அதற்கு மேல் எத்தனை போட்டாலும் மொத்தம் 78,000 தான். மானியத்துக்காக அளவைக் கூட்டுவது புடவைக்குத் தள்ளுபடி என்று பீரோ வாங்குவது போல.

முதலில் கடைசி ஆறு பில்களை எடுங்கள். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில் என்பதால் அது ஒரு வருடக் கணக்கு. ஒரு கிலோவாட் நாளுக்கு 4 யூனிட் தரும் என்பது விற்கிறவர் கணக்கு. நமக்கு ஆனியிலும் ஐப்பசியிலும் இரண்டு மழைக்காலம் இருப்பதால் நான் 3.5 என்று வைப்பேன். இரண்டு மாதத்துக்கு 210. முதல் 100 யூனிட் 2016 முதல் இலவசம். ஆகவே 200 யூனிட் செலவழிக்கும் வீட்டில் மிச்சப்படுத்த அதிகமில்லை. 600, 700 ஓடும் வீட்டுக்கு நல்ல லாபம், ஏனென்றால் சோலார் முதலில் தின்பது விலை கூடிய மேல்படி யூனிட்டுகளைத்தான். 500-ஐத் தாண்டினால் கட்டணக் கணக்கே மாறிவிடும். அந்தக் கோட்டுக்குக் கீழே கொண்டுவரும் முதல் கிலோவாட்டுக்கே மதிப்பு அதிகம், கடைசிக் கிலோவாட் மலிவான யூனிட்டுகளைத்தான் மிச்சப்படுத்தும்.

மானியத்துக்கு இந்தியாவில் செய்த சோலார் செல்லால் ஆன தகடுதான் போட வேண்டும். மானியம் வேலை முடிந்து மீட்டர் பொருத்தியபின் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். "மானியத்தைக் கழித்துக்கொண்டு பாக்கி தாருங்கள்" என்று சொல்பவரிடம் எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். காத்தாடிக்கு இந்த மானியம் கிடையாது.

கரண்டு போனால்? சோலார் இருந்தும் வீடு இருட்டாகத்தான் இருக்கும். இதைக் கேட்டுக் கோபப்படாத ஆளை நான் பார்த்ததில்லை. வெளியே லைனில் வேலை செய்யும் ஊழியருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதால், மின்வாரிய லைனோடு இணைந்த சாதாரண இன்வெர்ட்டர் கரண்டு போனதும் தானாக நின்றுவிடும். ஒக்கிக்குப் பிறகு நாட்கணக்கில் கரண்டு இல்லாதபோது அப்படிப்பட்ட அமைப்பு எதற்கும் உதவியிருக்காது. வேண்டுமென்றால் பேட்டரியோடு கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வேண்டும். அதிலும் விளக்கு, மின்விசிறி, பிரிட்ஜ் என்று அவசியமானதை மட்டும் தனி லைனில் பிரியுங்கள். கிணற்று மோட்டாரைச் சேர்த்தால், தொடங்கும் நொடியில் அது பல மடங்கு இழுத்து எல்லாவற்றையும் அணைத்துவிடும். 12 வோல்ட், 150 ஏஎச் டியூபுலர் பேட்டரியில் 1.8 யூனிட் என்று கணக்கு வரும். ஆயுள் கெடாமல் எடுக்க முடிவது அதில் பாதிதான்.

எல்லாரும் தகட்டின் பெயரை மட்டும் விசாரிக்கிறார்கள். உண்மையில் முதலில் பழுதாவது பெரும்பாலும் இன்வெர்ட்டர்தான். அதற்கு எத்தனை வருட உத்தரவாதம், பழுதானால் நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ வந்து பார்க்க ஆள் உண்டா என்பதை முதலில் கேளுங்கள். எர்த்தையும் அப்படியே விசாரியுங்கள். ஐப்பசி இடி எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். இடிதாங்கிக்கும், டிசி பக்கத்துக்கும், ஏசி பக்கத்துக்கும் மூன்று தனி எர்த் குழி வேண்டும். செலவைக் குறைக்க ஒன்றிலேயே மூன்றையும் கட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு, அதனால் குழி தோண்டும்போது பக்கத்தில் நில்லுங்கள்.

கழுவும்போது இரண்டு விஷயம். உச்சி வெயிலில் சூடான கண்ணாடியில் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள், காலையில் கழுவுங்கள். கடலோர போர் தண்ணீரில் உப்பிருந்தால் காய்ந்தபின் வெள்ளைப் படலம் படியும், மழைத்தண்ணீரோ குடிதண்ணீரோ மேல். மயில் எச்சம் மட்டும் மழைக்கு அசையாது. தேய்க்கத்தான் வேண்டும்.

மாமா கடைசியில் இரண்டு கிலோவாட் போட முடிவு செய்திருக்கிறார். இடம் காட்டச் சொன்னால் மட்டுப்பாவில் சுண்ணாம்புக்கட்டியால் கிழித்த கோடுகளைக் காட்டுகிறார். போன மார்கழி முழுக்க ஞாயிறுதோறும் காலை ஒன்பது, பகல் பன்னிரண்டு, மாலை நாலு என்று மணி எழுதி, நிழல் முடிந்த இடங்களை வரைந்து வைத்திருக்கிறார். மழையில் அழிந்ததைத் திரும்பவும் வரைந்தாராம்.