ஸ்பின் பவுலரா வரணும்னு நினைக்கற பொண்ணுங்களுக்கு

முதல்ல சரியான பந்த எடுங்க. பெண்கள் கிரிக்கெட் பந்து 140 முதல் 151 கிராம்தான், ஆண்கள் பந்த விட சின்னது, தினமும் பெரிய பந்துலயே ப்ராக்டிஸ் பண்ணிட்டு மேட்ச்ல இத எடுத்தா க்ரிப்பே வேற மாதிரி இருக்கும்.

ஆஃப் ஸ்பின்னுக்கு (வலது கை பேட்டருக்கு உள்பக்கமா திரும்பற பந்து) ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் தையலுக்குக் குறுக்க நல்லா விரிச்சு வைங்க, விடும்போது கதவுக் குமிழ திருப்பற மாதிரி ஆள்காட்டி விரல் தையல இழுக்கணும், அந்த விரல் ஓரம் காய்ச்சுப் போச்சுன்னா வேலை நடக்குதுன்னு அர்த்தம். பந்து போடும்போது மடங்கின முழங்கை 15 டிகிரிக்கு மேல நிமிரக்கூடாது, அது விதி, அப்பப்ப வீடியோ எடுத்து கோச்கிட்ட காட்டிருங்க.

வேகத்துக்கு அவசரப்படவே படாதீங்க! 2020 டி20 உலகக் கோப்பை முதல் மேட்ச்ல நம்ம இந்தியாவோட பூனம் யாதவ் ஆஸ்திரேலியாவ 19 ரன்னுக்கு 4 விக்கெட் எடுத்து சாய்ச்சது மெதுவா தூக்கிப் போட்ட லெக் ஸ்பின்னாலயும் (வலது கை பேட்டருக்கு வெளிப்பக்கமா திரும்பற பந்து) கூக்ளியாலயும்தான் (லெக் ஸ்பின் மாதிரியே போட்டு உள்பக்கமா திரும்பற பந்து). தூக்கிப் போட்டா சிக்ஸ் போகும், போகட்டும், அடுத்த பந்தையும் அதே தைரியத்தோட போடறவங்களத்தான் கேப்டன் நம்புவாங்க.

அப்புறம் பேட்டிங், ஃபீல்டிங்க விட்டுராதீங்க, லீக் டீம்கள் ரெண்டு வேலை தெரிஞ்சவங்களத்தான் தேடும். இந்திய ஆஃப் ஸ்பின்னர் தீப்தி சர்மாவ பாருங்க, 2025 உலகக் கோப்பை ஃபைனல்ல 58 ரன், 39 ரன்னுக்கு 5 விக்கெட்.

ப்ராக்டிஸ்க்கு குட் லெங்த்ல (பேட்டர் முன்ன வரணுமா பின்ன போகணுமான்னு குழம்பற இடத்துல) ஒரு கர்சீஃப் விரிச்சு வைங்க, ஓவருக்கு நாலு பந்து அதுல விழற வரைக்கும் கேரம் பால் (நடுவிரலால சுண்டி விடற பந்து) பக்கமே போகாதீங்க.