செரெங்கெட்டி போகிறீர்களா? எந்த மூலைக்கு?

போன வாரம் நண்பர் ஒருவர் தன் தான்சானியா பயணத்திட்டத்தை அனுப்பியிருந்தார். ஆகஸ்ட் மாதம், செரெங்கெட்டி, செரோனெராவில் மூன்று இரவு. 'வில்டபீஸ்ட் கூட்டம் ஆற்றைக் கடப்பதைப் பார்க்கிறோம்' என்று குறிப்பு வேறு. (வில்டபீஸ்ட், மாடு மாதிரி இருக்கும் ஒரு மான் வகை.) படித்ததும் பகீரென்றது. என் முதல் பயணத்தை அச்சு அசலாக எடுத்து வைத்த மாதிரி இருந்தது.

தடுப்பூசி, விசா, மலேரியா மாத்திரை பற்றியெல்லாம் ஏஜென்ட்டே சொல்லிவிடுவார். அவர் சொல்லாத, நாம் வழக்கமாகச் செய்யும் தவறுகளுக்கு வருவோம்.

பூங்காவின் பெயரை நம்பி அறை போடுவது

செரெங்கெட்டி தேசியப் பூங்காவின் பரப்பு 14,763 சதுர கிலோமீட்டர். கோவை மாவட்டத்தைப் போல மூன்று மடங்கு. பத்து லட்சத்துக்கும் அதிகமான வில்டபீஸ்ட்கள் புல்லையும் தண்ணீரையும் தேடி இதைச் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. டிசம்பர் முதல் மார்ச் வரை தெற்கே, நடுட்டு பக்கம். எரிமலைச் சாம்பல் மண்ணில் வளரும் குட்டைப் புல்லில் சத்து அதிகம் என்பதால் குட்டி போடுவதும் அங்கேதான். பிப்ரவரியில் போனால் பார்க்கலாம். ஏப்ரல், மே மாதங்களில் வடமேற்காக நகர்ந்து, ஜூன் வாக்கில் குருமெட்டி ஆற்றுப் பக்கம் வரும். ஜூலை கடைசியிலிருந்து அக்டோபர் வரை வடகோடியில் கொகடெண்டே, எல்லை தாண்டினால் கென்யாவின் மாசாய் மாரா. முதலைகள் காத்திருக்கும் மாரா ஆறு ஓடுவது இங்கேதான்.

செரோனெரா இருப்பது நட்டநடுவில். என் முதல் பயணத்தில் அங்கேதான் தங்கி, இரண்டு நாள் காய்ந்த புல்லைப் பார்த்தோம். மூன்றாம் நாள் விடியலில் கிளம்பி, மண் ரோட்டில் குலுங்கிக் குலுங்கி கொகடெண்டே போய்ச் சேர்ந்தோம். எதிர்க்கரையில் ஆயிரக்கணக்கில் நின்றன. இறங்கும், பின்வாங்கும், மறுபடி இறங்கும். இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். இருட்டிய பிறகு பூங்காவுக்குள் வண்டி ஓட்டக்கூடாது என்பதால் ஓட்டுநர் திரும்பிவிட்டார். அரை மணி நேரத்தில் ரேடியோவில் செய்தி: கூட்டம் ஆற்றில் இறங்கிவிட்டது.

ஏஜென்ட்டிடம் சண்டை போட்டேன். "நீங்க செரெங்கெட்டின்னுதானே கேட்டீங்க?" என்றார். எரிச்சல் இன்னும் அடங்கவில்லை, அவர் சொன்னது சரி என்பதால்.

சிங்கமும் சிறுத்தையும் போதும் என்றால் செரோனெரா எந்த மாதமும் நல்ல இடம். ஆற்றைக் கடப்பதுதான் வேண்டும் என்றால், பணம் கட்டும் முன் இதைக் கேளுங்கள்: அந்த வாரத்தில் கூட்டம் வழக்கமாக எங்கே இருக்கும், நான் தங்கும் முகாமிலிருந்து அங்கே போக எத்தனை மணி நேரம்? கொகடெண்டேயில் குறைந்தது மூன்று இரவாவது வேண்டும். அருஷா நகரிலிருந்து குட்டி விமானம் உண்டு. ஆளுக்குப் பெரும்பாலும் 15 கிலோதான், அதுவும் சக்கரம் இல்லாத துணிப்பையில். நண்பர் அறையை மாற்றிவிட்டார். ரத்துக் கட்டணம் போனது போனதுதான்.

மே மாத லீவு

நம் பள்ளி விடுமுறை, கென்யாவிலும் தான்சானியாவிலும் பெருமழைக்காலம். மார்ச் கடைசியில் தொடங்கி மே வரை நீளும். பல இடங்களில் நம்ம ஊர் கரிசல் மாதிரி மண். நனைந்தால் லேண்ட் க்ரூசரே உட்கார்ந்துவிடும். சில முகாம்களை மூடியே விடுவார்கள். வாடகை மலிவாக இருப்பதற்குக் காரணம் இதுதான். மே மாதத்தை விட்டால் வழியில்லை என்பவர்கள் தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பூங்கா பக்கம் திரும்பலாம். அங்கே அப்போது மழை ஓய்ந்து குளிர்காலம் தொடங்கியிருக்கும். புதர் காயக் காய விலங்குகள் கண்ணில் படும்.

மழைக்காலத்தில் ஒகவாங்கோ வெள்ளத்தைத் தேடுவது

அங்கோலா மலைகளில் பெய்த மழை ஒகவாங்கோ ஆற்றில் மாதக்கணக்கில் மெல்ல இறங்கி வருகிறது. போட்ஸ்வானாவில் ஒரு சொட்டு மழை இல்லாத ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் டெல்டா நிறைந்திருக்கும். படகில் போக ஆசைப்பட்டு ஜனவரியில் போகாதீர்கள்.

பிப்ரவரியில் யானைக்காக தான்சானியாவின் டரங்கிரே பூங்கா

ஜூலைக்கு மேல் போங்கள்.

ஐந்து நாளில் நான்கு பூங்கா

வேண்டாம்.

'ஆப்பிரிக்காதானே' என்று ஸ்வெட்டரை விட்டுப்போவது

தான்சானியாவின் கொரொங்கோரோ எரிமலைப் பள்ளத்தின் விளிம்பு கிட்டத்தட்ட ஊட்டி உயரம். விடியற்காலையில், கூரை திறந்த ஜீப்பில்.