கரையோரப் பாட்டுக்கு ஒரு குழு அமைப்பது எப்படி: மாலி நாடு காட்டும் வழி

இராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டி முதல் மூக்கையூர் வரை உள்ள கடற்கரை ஊர்களில் கரைவலை இழுக்கையில் பாடும் அம்பாப் பாட்டும், பெண்களின் தாலாட்டும் ஒப்பாரியும், ஏர்வாடிப் பக்கம் இஸ்லாமியத் துறவியரான பக்கீர்மார் தாயிரா என்னும் கைப்பறை கொட்டிப் பாடுபவையும் இன்று பெரும்பாலும் முதியவர்களின் நினைவில்தான் இருக்கின்றன. இவற்றை ஊராரே திரட்டி, பாடும் குழு ஒன்றை நிலைநிறுத்த விரும்புவோர் மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாடு செய்ததை முதலில் தெரிந்துகொள்வது நல்லது.

மாலி 1960 செப்டம்பர் 22 அன்று விடுதலையை அறிவித்தது. முதல் குடியரசுத் தலைவர் மொதிபோ கெயித்தாவின் அரசு அடுத்த சில ஆண்டுகளுக்குள் தேசிய வாத்தியக் குழுவை உருவாக்கியபோது, தலைமுறை தலைமுறையாகப் பாட்டையும் வம்ச வரலாற்றையும் காத்துவரும் ஜெலி குடும்பங்களின் கலைஞர்களையே தேடி அமர்த்தியது. பெரிய சுரைக்காயின் பாதியில் மாட்டுத்தோல் போர்த்தி 21 நரம்புகள் பூட்டிய கோரா, மரச்சட்டங்களின் அடியில் சிறு சுரைக்குடுக்கைகள் தொங்கும் பாலாஃபோன், சிறிய நரம்பு வாத்தியமான ங்கோனி ஆகியவை அதில் ஒன்றாக ஒலித்தன. 13ஆம் நூற்றாண்டின் மாலிப் பேரரசை நிறுவிய சுஞ்ஜாத்தாவின் புகழைப் பாடுவது அவர்களுடைய மரபின் உயிர்நாடி.

அக்குழுவின் பலம், பாட்டுக்கு உரியவர்களையே நடுவில் உட்கார வைத்தது. ஆனால் இதில் ஓர் இழப்பும் உண்டு. தனியாகப் பாடும் ஜெலி, எதிரில் இருப்பவரின் குலத்தையும் நேரத்தையும் பார்த்துப் பாட்டை நீட்டுவார், குறுக்குவார்; பலர் சேர்ந்து இசைக்கும்போது அந்த அளவு முன்கூட்டியே முடிவாகிவிடும். ஆகவே நம் கரையில் குழு அமைப்போர், ஒவ்வொருவர் பாடுவதையும் முழுமையாகப் பதிவு செய்து முடிக்கும் வரை ஒத்திகையைத் தொடங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அம்பாப் பாட்டை இரண்டு இடங்களில் பதிய வேண்டும். முதலாவது, வலை இழுக்கும் கரை. முன்பாட்டுக்காரர் ஓரடி எடுத்துக் கொடுக்க, கயிற்றைப் பிடித்திருப்பவர்கள் ‘ஏலேலோ’ என்று பதில் சொல்லும் அந்த நொடியில்தான் அத்தனை கைகளும் ஒன்றாகப் பின்னால் சாய்கின்றன. வலையின் மடி கரையை நெருங்க நெருங்க அடிகள் குறுகி, வேகம் கூடுகிறது. இதை வீட்டுத் திண்ணையில் கேட்டுப் பெற முடியாது. இரண்டாவது, அதே பாட்டுக்காரரைக் காற்றில்லாத ஓர் அறையில் அமர்த்தி, சொற்கள் தெளிவாகக் கேட்கும்படி நிதானமாகப் பாடச் செய்வது. இரண்டையும் ஒப்பிட்டுக் கேட்டால்தான், எந்தச் சொல் பாட்டுக்கு உரியது, எந்தச் சொல் இழுவைக்காக வந்து சேர்ந்தது என்பது விளங்கும்.

கடற்காற்று ஒலிப்பதிவைக் கெடுத்துவிடும். மைக்கின் மேல் ஸ்பாஞ்சு உறையும் அதற்கு மேல் ரோமத்துணி உறையும் போட்டு, காற்றுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். கச்சான் காற்று ஓங்கி வீசும் நாட்களைத் தவிர்த்துவிடலாம். எம்பி3 வேண்டாம். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் வேவ் கோப்பாகப் பதிந்தால், ஒரு மணி நேரத்து ஸ்டீரியோ ஒலிக்குச் சுமார் 1 ஜிபி இடம் போதும். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் பாடுபவரே தம் பெயர், ஊர், தேதி, பாட்டை யாரிடம் கற்றார் என்பதைச் சொல்லட்டும். தனியே எழுதி வைக்கும் தாள் தொலைந்துபோகும், குரலோடு சேர்ந்த விவரம் தொலையாது.

பெண்களின் பாட்டைப் பெண்களே போய்ப் பதிவது சிறந்தது. ‘பெரியம்மா, நீங்க பாடுறத எடுத்துக்கலாமா, மத்தவங்களுக்குப் போட்டுக் காட்டலாமா’ என்று இரண்டு கேள்விகளையும் தனித்தனியாகக் கேட்டு, இரண்டுக்கும் விடை பெற வேண்டும். துக்க வீட்டில் ஒலிப்பதிவுக் கருவியை எடுக்கவே கூடாது. மாதங்கள் கழித்து, குடும்பத்தாரின் இசைவோடு ஒப்பாரியைக் கேட்டுப் பெறலாம். பக்கீர்மாரின் பாட்டுகளில் எவற்றை மேடையில் பாடலாம் என்பதை அவர்களும் ஜமாஅத்தாரும் முடிவு செய்யட்டும். பாடுபவருக்கு அன்றைய நாட்கூலியையேனும் கொடுப்பது கட்டாயம்: கடலுக்குப் போகாமலோ, பாசி எடுக்கப் போகாமலோ அவர் நமக்காக அமர்ந்திருக்கிறார்.

ஒத்திகையில் முன்பாட்டு முதியவருக்கே உரியது. இளையவர்கள் பதில் பாடட்டும். கீபோர்டு சேர்க்கும் ஆசை நிச்சயம் எழும், ஆனால் அதன் நிலையான சுருதி முதியவரின் குரலைத் தன் பக்கம் இழுத்துவிடும் என்பதால் அதைத் தவிர்ப்பதே நலம். தாளத்துக்குத் தாயிராவும் கைதட்டலும் போதும்.

பதிவுகளின் படிகளை ஒரே இடத்தில் வைக்கக் கூடாது. மாலியின் அண்டை நாடான கினியாவில் 1985இல் நடந்த ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சியின்போது வானொலி நிலையம் தாக்கப்பட்டு, அங்கிருந்த இசைப்பதிவுகளில் பல அழிந்தன. மாலியிலோ, சிதிக்கி ஜபாத்தேயும் ஜெலிமாதி சிசோக்கோவும் பங்கேற்று 1970இல் வெளிவந்த கோரா பதிவு தப்பிப் பிழைத்ததால், அவர்களுடைய மகன்கள் துமானியும் பல்லாக்கேயும் அதையே அடியாகக் கொண்டு 1999இல் புதிய இசைத்தொகுப்பை வெளியிட முடிந்தது. ஒரு படி குழுவிடமும், ஒரு படி பாடியவர் வீட்டிலும், ஒரு படி வெளியூர்க் கல்லூரி நூலகம் ஒன்றிலும் இருக்கட்டும். பாடியவர்கள் சம்மதித்தால், மீனவர்களுக்காகப் பாம்பனில் 2016இல் தொடங்கப்பட்ட கடல் ஓசை சமுதாய வானொலியிடம் ஒலிபரப்புக்கான படியைக் கொடுத்துக் கேட்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை எல்லாப் படிகளையும் திறந்து, கோப்புகள் ஓடுகின்றனவா என்று கேட்டுப் பார்த்து, பழைய வன்தட்டுகளை மாற்றும் பொறுப்பைக் குழுவின் இளையவர்களில் இருவருக்குப் பெயர் சொல்லி ஒப்படைக்க வேண்டும்.